வீட்டுக்குள் குடியிருந்த ஒலிம்பஸ்

யவனர் தடம் – 11

பண்டைய கிரேக்கச் சமயம் என்றவுடன் ஏதென்ஸ் குன்றின்மேல் நிற்கும் பார்த்தினான் கோயிலும் அதன் பளிங்குத் தூண்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் அந்நகரத்துக் குடிமகன் ஒருவன் ஆண்டின் பெரும்பாலான நாள்களில் தெய்வத்தை வணங்கிய இடங்கள் அவனுடைய வீட்டு வாசல், முற்றம், அடுப்பு, களஞ்சியம் ஆகியவையே என்பதைப் பழைய நூல்களும் அகழாய்வுகளும் சேர்ந்தே உணர்த்துகின்றன. ஊர் கூடி விழா எடுத்தது கோயிலில். நாள் தவறாமல் புகையும் படையலும் கிடைத்தது வீட்டில். இந்த வேறுபாடு வரலாற்றோடு முடிந்துவிடவில்லை. கடந்த முப்பது ஆண்டுகளாகக் கிரேக்கத்திலும் பிற நாடுகளிலும் ஜீயஸ், அதீனா, அப்பல்லோ முதலிய தெய்வங்களை மீண்டும் வணங்கத் தொடங்கியிருப்போர்க்குப் பழைய கோயில்கள் கைக்கு எட்டுவதில்லை. அவை தொல்லியல் துறையின் காவலில், நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் இடிபாடுகளாக நிற்கின்றன. ஆகவே அவர்கள் தம் சமயத்தை வீட்டில் வைக்கும் சிறு பீடத்திலிருந்தே கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

அவ்வாறு கட்டுவோர்க்கு வழிகாட்டும் ஏடுகள் பல இருந்தாலும் உடனிருந்து சொல்லித்தர மூத்தோர் இல்லை. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில், அதாவது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற உள்ளாட்சிப் பிரிவுகளில், நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே வீட்டு வழிபாட்டுக்கு ஏடு எதுவும் தேவைப்படுவதில்லை. மாமியார் செய்ததை மருமகள் பார்த்துச் செய்வதே சாத்திரம். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், கிரேக்க நூல்கள் சொல்லாமல் விட்ட பலவும் தெளிவாகும். வீட்டுச் சமயம் எதனால் நிலைக்கிறது, எதனால் அழிகிறது என்பதும் புலப்படும்.

ஒரே ஆறு

இவ்விரு கொம்யூன்களுள் வில்லியனூரைத் தேர்ந்ததற்குப் புவியியல் காரணமும் உண்டு. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து வில்லியனூரைத் தொட்டு ஓடும் சங்கராபரணி ஆறு கடலை அடையுமுன் கிளை பிரிகிறது; அக்கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரேயக் கடற்பயண நூல் ‘பொதுகே’ என்று குறிக்கும் துறைமுகம் இதுவே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை ழான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நடத்திய அகழாய்வுகளில் ‘அம்போரா’ எனப்படும் இருகைப்பிடிக் கூர்ச்சாடிகளின் உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றுள் பல, கிரேக்கத் தீவான கோஸின் திராட்சை மதுவைச் சுமந்துவந்த வகையைச் சேர்ந்தவை. ஒலிவ எண்ணெய் வந்த சாடிகளும் இருந்தன. மதுவும் ஒலிவ எண்ணெயும் கிரேக்க வீட்டு வழிபாட்டின் அடிப்படைப் பொருள்கள் என்றாலும், அரிக்கமேட்டில் யவனரின், அதாவது கிரேக்க, உரோம நாட்டவரின், கோயிலோ வீட்டுப் பீடமோ இதுவரை வெளிப்படவில்லை. அங்கு வந்து தங்கிய மாலுமிகள் தம் தெய்வங்களுக்கு இம்மண்ணில் மது வார்த்திருக்கக்கூடும் என்பது ஊகமாகவே நிற்கிறது.

தமிழ் இலக்கியம் தரும் சான்று வேறு வகையானது. நெடுநல்வாடை, யவனர் செய்த பாவை கையில் ஏந்திய விளக்கு அரண்மனையில் எரிந்ததைச் சொல்கிறது. பெரும்பாணாற்றுப்படை, வேள்வித் தூணின்மேல் இருந்த யவனரின் அன்ன விளக்கைக் குறிப்பிடுகிறது. யவன நாட்டுத் தெய்வம் தமிழர் வீட்டுக்குள் வந்ததாக எந்தப் பாட்டும் பேசவில்லை. விளக்கு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

இடத்துக்கு ஒரு தெய்வம்

கிரேக்க வீட்டில் பூசை அறை என்று தனியே ஒன்று இருக்கவில்லை. கி.மு. 348இல் மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப் அழித்த ஒலிந்தஸ் நகரத்தின் வீடுகளை 1928 முதல் அகழ்ந்து பார்த்தபோது, சில முற்றங்களில் கல் பீடங்களும், பல வீடுகளில் கையால் தூக்கி வைக்கத்தக்க சிறு பீடங்களும் சுடுமண் உருவங்களும் கிடைத்தனவே அன்றி, வழிபாட்டுக்கென ஒதுக்கிய அறை இருந்ததாகத் தெரியவில்லை. தெய்வங்கள் வீடு முழுதும் பரவி, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் தனக்குரிய வேலையைச் செய்துகொண்டிருந்தன.

தெருவாசலில் அப்பல்லோ ‘அகியேயுஸ்’ என்ற பெயரில், அதாவது தெருக்காவலராக, உச்சி கூர்த்த ஒரு கல்தூணாக நின்றார். அருகில் ஹெர்மெஸின் தலையைத் தாங்கிய சதுரத் தூண் இருக்கலாம். மூன்று முகம் கொண்ட ஹெக்காத்தேயின் சிறு உருவமும் இருக்கலாம். ஹெக்காத்தே இரவுக்கும் முச்சந்திக்கும் உரிய பெண் தெய்வம்; தீயதை வாசலுக்கு வெளியே நிறுத்துவது அவள் பொறுப்பு. வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்து வீடொன்றில் வெள்ளிக்கிழமை காலையில் நிலைப்படியைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, மாவிலைத் தோரணத்தை மாற்றி, தலைகீழாகத் தொங்கும் கற்றாழையையும் சரிபார்ப்பவர்க்கு இந்த ஏற்பாடு விளங்காமல் போகாது. வாசல் என்பது கதவு பொருத்திய வழி மட்டுமாக இருந்ததில்லை. அதற்குக் காவலும் மரியாதையும் தேவை என்பதில் இரு சமூகங்களும் ஒத்தே இருந்தன.

முற்றத்தில் ஜீயஸ் ‘ஹெர்கேயோஸ்’ என்ற பெயரில், சுற்றுமதிலுக்குள் இருக்கும் குடும்பத்தின் காவலராகப் பீடம் பெற்றார். இத்தெய்வத்தின் முக்கியத்துவம், அரிஸ்டாட்டில் பள்ளியில் எழுதப்பட்டு, எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891இல் பதிப்பிக்கப்பட்ட ‘ஏதென்ஸ் அரசியலமைப்பு’ என்ற நூலால் தெரியவருகிறது. ஆர்கோன் எனப்படும் உயர் பதவிக்குத் தேர்வானவனிடம், தந்தை யார், தாய் யார் என்று கேட்டபின், குலத்துக்குரிய அப்பல்லோவும் முற்றத்து ஜீயஸும் உனக்கு உண்டா, அவர்களின் இடம் எங்கே இருக்கிறது, உன் குடும்பத்துக் கல்லறைகள் எங்கே உள்ளன என்று கேட்டார்கள். பெற்றோரைப் பேணுகிறாயா, வரி கட்டினாயா, போருக்குச் சென்றாயா என்ற கேள்விகள் அதன் பிறகே வந்தன. பாகூர் வட்டாரத்தில் பெண் பார்க்க வந்த பெரியவர்கள், படிப்பையும் நிலத்தையும் விசாரிப்பதோடு, ‘உங்க குலதெய்வம் எது, கோயில் எந்த ஊர்ல இருக்கு’ என்று கேட்பதும் இதே நோக்கில்தான். தெய்வத்தின் இடத்தைச் சொல்லத் தெரிந்தவன் எந்த வேரைச் சேர்ந்தவன் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும்.

களஞ்சியத்தில் இருந்த தெய்வமே மிக நுட்பமானது. ஜீயஸ் ‘க்தேசியோஸ்’, அதாவது உடைமைகளைக் காக்கும் ஜீயஸ், சிலையாக வைக்கப்படாமல் ஒரு சாடியாகவே இருந்தார். அதை எப்படி அமைப்பது என்று அந்திக்ளைதேஸ் என்பவர் எழுதிய குறிப்பு, அதனேயஸ் தொகுத்த ‘அறிஞர் விருந்து’ என்ற நூலில் மேற்கோளாக எஞ்சியிருக்கிறது. இரு காதுகளும் மூடியும் கொண்ட புதுச் சாடியை எடுத்து, அதன் காதுகளில் வெள்ளைக் கம்பளி நூல் சுற்றி, தூய நீர், ஒலிவ எண்ணெய், பலவகைத் தானியங்களும் பழங்களும் சேர்த்து உள்ளே இட்டு மூட வேண்டும் என்பது அக்குறிப்பின் சாரம். நூல் சுற்றிய சொம்பில் நீர் நிரப்பி, மாவிலையும் தேங்காயும் வைத்துக் கும்பம் நிறுத்தும் வீடுகளில் பிறந்தவர்க்கு இதைப் படிக்கையில் வியப்பு எழாமல் இருக்காது. இத்தெய்வத்தின் பூசை முற்றிலும் குடும்பத்துக்கே உரியது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் வழக்குரைஞரான இசேயஸ் எழுதிய எட்டாவது உரையில், கிரோன் என்ற முதியவர் இந்தப் பலியின்போது அடிமைகளையும் வெளியாரையும் சேர்க்கமாட்டார், எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்வார், பேரப்பிள்ளைகளை மட்டும் உடன் வைத்துக்கொள்வார் என்ற செய்தி, அவர்கள் உண்மையான வாரிசுகளே என்பதற்குச் சான்றாக நீதிமன்றத்தில் வைக்கப்படுகிறது. வட தமிழகத்துக் கல்யாண வீடுகளில் பூவாடைக்காரிக்கு, அதாவது சுமங்கலியாக இறந்துபோன குடும்பத்து மூதாட்டிக்கு, நீர்த்துறையிலிருந்து கரகம் எடுத்துவந்து, புதுச்சேலையும் மஞ்சளும் பூவும் வைத்துப் படைக்கும்போது, யார் பங்காளி, யார் விருந்தாளி என்பது வாய்திறந்து சொல்லாமலே வரையறுக்கப்படுகிறது. படையல் சொந்தத்தை உறுதி செய்யும் ஆவணமாகவும் இருந்திருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் அடுப்பு, அதாவது ஹெஸ்தியா. இவளுக்கு உருவச்சிலைகள் மிகக் குறைவு. எரியும் நெருப்பே இவள். எந்தப் படையலிலும் முதற்பங்கும் கடைசிப் பங்கும் இவளுக்கே உரியவை. பிறந்த குழந்தையைச் சில நாள்கள் கழித்து அடுப்பைச் சுற்றித் தூக்கி ஓடிய பிறகே அது வீட்டுப் பிள்ளையாகக் கருதப்பட்டது. புதுமணப்பெண்ணை அடுப்பருகே அமர்த்தி, உலர்ந்த அத்திப்பழங்களும் கொட்டைகளும் தலைமேல் சொரிந்தார்கள். நகரத்துக்கும் பொது அடுப்பு ஒன்று மன்றத்தில் எரிந்தது. கடல் கடந்து புதுக்குடியேற்றம் அமைக்கப் புறப்பட்டவர்கள் தாய்நகரின் அந்த நெருப்பையே எடுத்துச் சென்றார்கள். பூர்வீக ஊரை விட்டுப் பிழைக்க வந்த குடும்பம் குலதெய்வத்தின் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து புது ஊரில் தெய்வத்தை நிறுத்தும் வழக்கமும் இதே தேவையிலிருந்து பிறந்ததே.

நாளும் பிறையும்

கிரேக்க வீட்டுச் சமயத்தின் மறுபாதி நாள்காட்டி. ஏதென்ஸின் மாதம் பிறை தென்படும் நாளில் தொடங்கியது. அதற்கு ‘நுமேனியா’, அதாவது புதுத்திங்கள் நாள், என்று பெயர். இரண்டாம் நாள் அகதோஸ் தைமோன் எனப்படும் நற்பேற்றுத் தெய்வத்துக்கு உரியது. பாம்பாக உருவகிக்கப்பட்ட இதற்கு, உண்டு முடித்தபின் நீர் கலக்காத மதுவில் சில துளிகள் வார்க்கப்பட்டன. நான்காம் நாள் ஹெர்மெஸுக்கும் அப்ரோதித்தேக்கும், ஆறாம் நாள் ஆர்த்தெமிஸுக்கும், ஏழாம் நாள் அப்பல்லோவுக்கும் உரியவை. சதுர்த்தியைப் பிள்ளையாருக்கும், சஷ்டியை முருகனுக்கும், ஏகாதசியைப் பெருமாளுக்கும், பிரதோஷத்தைச் சிவனுக்கும் தந்து, வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பாலும் முட்டையும் வைக்கும் ஊரில் இந்த அடுக்குமுறை புதிராகத் தோன்றாது.

மாதக் கடைசி இருட்டில் நடந்த சடங்கு இன்னும் நெருக்கமானது. நிலவு மறைந்த இரவில் வீட்டைப் பெருக்கித் துப்புரவு செய்து, கழிவுகளையும் ஹெக்காத்தேக்கான உணவையும் முச்சந்திக்கு எடுத்துச்சென்று வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தார்கள். அமாவாசை மாலையில் வில்லியனூர்க் கடைத்தெருவில் பூசணிக்காய் உடைபடுவதையும், திருஷ்டி சுற்றிய மிளகாயும் உப்பும் வாசல் மண்ணும் முச்சந்தியில் சேர்க்கப்படுவதையும் காண்போர், நிலவு மறையும் நாளும் தெருக்கள் கூடும் இடமும் இரு மரபுகளிலும் ஒரே வேலைக்கு ஒதுக்கப்பட்டிருப்பதை உணரலாம். அதே அமாவாசையன்று காலையில் வில்லியனூர் கொம்யூனின் திருக்காஞ்சி ஆற்றங்கரையில் எள்ளும் நீரும் இறைத்து முன்னோர்க்குத் தர்ப்பணம் கொடுக்கிறார்கள்; கிரேக்கரும் இறந்தோர்க்கு வார்க்கும் நீர்மத்தை, தெய்வங்களுக்கு வார்ப்பதிலிருந்து பிரித்தே வைத்தனர். மேலுலகத் தெய்வத்துக்குச் சிறிது ஊற்றி மீதியை அருந்தலாம். இறந்தோர்க்கும் பாதாளத் தெய்வங்களுக்கும் முழுவதையும் மண்ணில் ஊற்றிவிட வேண்டும்.

நாள் பார்ப்பதும் சகுனம் பார்ப்பதும் அளவு மீறியபோது கிரேக்கர்களே அதை எள்ளி நகையாடவும் செய்தார்கள். தியோபிராஸ்டஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் வரைந்த ‘மூடநம்பிக்கைக்காரன்’ என்ற பாத்திரம், மாதத்தின் நான்காம் ஏழாம் நாள்களில் மதுவைக் காய்ச்சச் சொல்லிவிட்டுச் சாம்பிராணி வாங்கக் கிளம்புகிறான். கீரியை ஒத்த சிறு விலங்கு ஒன்று பாதையில் குறுக்கே ஓடினால், வேறொருவர் கடந்து போகும்வரை நிற்கிறான், அல்லது மூன்று கற்களை எறிந்துவிட்டு நடக்கிறான். பூனை குறுக்கே போனதென்று நிற்பவர்களைக் கண்ட எவரும் இவனை அடையாளம் கண்டுகொள்வர்.

எளிய வீட்டு வழிபாட்டின் பெருமையைச் சொல்லும் கதையும் அவர்களிடம் உண்டு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் போர்பைரி என்ற மெய்யியலாளர் பதிவு செய்த அக்கதையில், ஆசியாவின் மக்னீசியாவைச் சேர்ந்த செல்வர் ஒருவர் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் காளைகளைப் பலியிட்டுவிட்டு, தெய்வங்களை மிகச் சிறப்பாக வணங்குபவர் யார் என்று டெல்பி ஆலயத்தில் குறி கேட்கிறார். தம் பெயர் வரும் என்று காத்திருந்தவர்க்கு, அர்காடியா மலைநாட்டுச் சிற்றூரான மெதித்ரியோனில் வாழும் கிளியார்கோஸ் என்ற எளியவரின் பெயர் சொல்லப்படுகிறது. செல்வர் அவரைத் தேடிப்போய் விசாரித்தால், அவர் செய்வதெல்லாம் இவ்வளவே: ஒவ்வொரு புதுத்திங்கள் நாளிலும் ஹெர்மெஸ், ஹெக்காத்தே உருவங்களையும் முன்னோர் விட்டுச்சென்ற பிற திருவுருவங்களையும் துடைத்து, மாலை சூட்டி, சாம்பிராணியும் மாவுப் பணியாரமும் வைத்து வணங்குவார், ஊர் விழாக்களில் ஒன்றையும் தவறவிடமாட்டார். காடவர் மன்னன் காஞ்சியில் கற்றளி எடுத்த நாளில் இறைவன் திருநின்றவூர்ப் பூசலாரின் மனக்கோயிலைத் தேடிச் சென்றதாகச் சேக்கிழார் சொல்லும் வரலாற்றை இது நினைவூட்டும். ஆயினும் பூசலார் கட்டியது மனத்துக்குள். கிளியார்கோஸ் செய்தது கையால், மாதந்தோறும், தூசி துடைத்து. கிரேக்கர் போற்றியது அந்த ஒழுங்கை.

வீட்டுக்குள் நுழைந்த சட்டம்

கி.பி. நான்காம் நூற்றாண்டில் உரோமப் பேரரசு கிறித்தவத்தைத் தழுவியபின் கோயில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கோயிலை மூடுவதால் மட்டும் பழைய சமயம் சாகாது என்பதை அரசு அறிந்தே இருந்தது. 392ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பேரரசர் தியோடோசியஸ் பிறப்பித்த சட்டம், வீட்டுத் தெய்வங்களைப் பெயர் சொல்லியே தடை செய்தது. வீட்டுக்காவல் தெய்வத்தை நெருப்பாலும், குடும்பத் தலைவனின் காவல் ஆவியை மதுவாலும், களஞ்சியத் தெய்வங்களை நறுமணப் புகையாலும் எவரும் மறைவில்கூட வணங்கக் கூடாது. விளக்கேற்றுவதும் சாம்பிராணி இடுவதும் மாலை தொங்கவிடுவதும் குற்றம். சாம்பிராணிப் புகை எழுந்தது உறுதியானால், அவ்வீடு புகை இட்டவர்க்கே சொந்தமானதாக இருக்கும் பட்சத்தில் பறிமுதல் செய்யப்படும் என்பது அச்சட்டத்தின் சாரம்.

இச்சட்டத்தால் பழக்கம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கும் தொடர்பு மெல்ல அறுந்தது. வடிவம் மட்டும் பெயர் மாறித் தங்கியது: கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் வீடுகளில் இன்றும் திருவோவியங்கள் வைத்த ஒரு மூலை உண்டு, அங்கே எண்ணெய் விளக்கு எரிகிறது, சாம்பிராணியும் புகைகிறது. 1870களில் பிரான்சிலிருந்து வந்த லூர்து மாதா சிலையைக் கொண்ட வில்லியனூர்த் திருத்தலத்தைச் சுற்றியுள்ள கத்தோலிக்க வீடுகளில், மாதா படத்துக்கு மல்லிகைச் சரம் சாத்தி விளக்கேற்றும் கைகளும், அடுத்த வீட்டில் மாரியம்மன் படத்துக்கு அதையே செய்யும் கைகளும் ஒரே விதமாகத்தான் இயங்குகின்றன. தெய்வத்தை மாற்றுவது எளிது. விளக்கேற்றும் நேரத்தையும் இடத்தையும் மாற்றுவது எளிதன்று.

இன்றைய பீடம்

கிரேக்கத்தில் மறுமலர்ச்சி அமைப்பாக உருக்கொண்டது அண்மையில்தான். 1996 முதல் ஒலிம்பஸ் மலையடிவாரத்தில் ‘ப்ரொமேத்தேயா’ என்ற ஆண்டு விழா நடத்தப்பட்டு வருகிறது. 1997இல் தேசிய ஹெலனியர் உயர் பேரவை நிறுவப்பட்டது. 2007 ஜனவரியில் எல்லினாயிஸ் என்ற சங்கத்தினர் ஏதென்ஸின் ஒலிம்பிய ஜீயஸ் கோயில் இடிபாடுகளுக்கிடையே சடங்கு நடத்தியது உலகச் செய்தியானது. 2017இல் கிரேக்க அரசு இச்சமயத்தை ‘அறியப்பட்ட சமயம்’ என்ற சட்ட வகையில் ஏற்றது. ஏதென்ஸைச் சேர்ந்த லப்ரிஸ் என்ற குழு வீட்டு வழிபாட்டுக்கென்றே ஒரு கையேட்டை வெளியிட்டிருக்கிறது. அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய ஹெலேனியோன் அமைப்பும் பழைய ஏதென்ஸ் நாள்காட்டியைப் பின்பற்ற உறுப்பினர்க்கு வழிகாட்டுகிறது.

இவர்கள் அமைக்கும் பீடம் பெரும்பாலும் அடுக்குமாடி வீட்டின் ஓர் அலமாரித் தட்டு அல்லது சிறு மேசை. அதன்மேல் தெய்வத்தின் சிறு உருவம், கிடைக்காவிட்டால் அச்சிட்ட படம், ஹெஸ்தியாவுக்கென ஓர் எண்ணெய் விளக்கு அல்லது மெழுகுவத்தி, தூபக்கால், நீர்மம் வார்க்க ஒரு கிண்ணம், கை கழுவ ஒரு நீர்ப்பாத்திரம். எரியும் குச்சியை நீரில் அமிழ்த்தித் தூய்மையாக்கி, அந்நீரைக் கைகளிலும் சுற்றிலும் தெளித்து, வாற்கோதுமை மணிகளைத் தூவி, முதலில் ஹெஸ்தியாவை அழைத்து, பிறகு அன்றைய நாளுக்குரிய தெய்வத்தை வாய்விட்டுப் பாடி வேண்டி, மது அல்லது பால் அல்லது தேன் வார்த்து, மீண்டும் ஹெஸ்தியாவிடம் வந்து முடிப்பது வழிபாட்டு முறை. மண்டியிடுவது வழக்கமில்லை, நின்றபடி, வானத் தெய்வத்துக்கு உள்ளங்கைகளை மேல்நோக்கியும் பாதாளத் தெய்வத்துக்குக் கீழ்நோக்கியும் நீட்டுவார்கள். பண்டைக் காலத்தில் நடுநாயகமாக இருந்த விலங்குப் பலியைப் பெரும்பாலோர் விட்டுவிட்டனர். களஞ்சியத்து ஜீயஸை நிறுத்துவதுதான் எளிதாகிவிட்டது: மூடியுள்ள ஒரு ஜாடியில் நீரும் எண்ணெயும் தானியமும் இட்டு, நூல் சுற்றி, சமையலறை அலமாரியில் வைத்து, புதுத்திங்கள்தோறும் புதுப்பிக்கிறார்கள்.

உருவத்துக்கு அவர்கள் படும் பாட்டை வில்லியனூரில் படவேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் கலை அங்கே உயிரோடு இருக்கிறது. அவ்வூர்க் கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பிள்ளையார் சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாரை மணைப்பலகையில் ஏற்றி, குன்றிமணிக் கண் பதித்து, எருக்கம்பூ மாலையும் காகிதக் குடையும் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, படைத்து, சில நாள்களில் கிணற்றிலோ ஏரியிலோ கரைத்துவிடுகிறார்கள். பண்டைய ஏதென்ஸின் எளிய வீடுகளிலும் தெய்வம் பளிங்கில் இருந்ததைவிடச் சுடுமண்ணில் இருந்ததே அதிகம்; பளிங்கு நிலைத்ததால் அருங்காட்சியகங்களில் அதுவே பெரிதாகத் தெரிகிறது.

ஒப்புமையும் எச்சரிக்கையும்

இவ்வளவு ஒற்றுமைகளைக் கண்டதும் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று முடிவு கட்டத் தோன்றும். அதற்குச் சான்று இல்லை. வாசலும் முற்றமும் அடுப்பும் தானியச் சேமிப்பும் கொண்ட உழவர் வீடு, பிறையைப் பார்த்து மாதம் எண்ணும் வாழ்க்கை, பங்காளிகளை அடையாளம் காணவேண்டிய சொத்துமுறை ஆகிய மூன்றும் சேர்ந்த இடங்களில் இத்தகைய தெய்வங்கள் தனித்தனியே தோன்றலாம் என்பதே பொருத்தமான விளக்கம். வேற்றுமைகளும் சிறியன அல்ல. கிரேக்க வீட்டில் பலி இடுபவன் குடும்பத் தலைவனான ஆண். வில்லியனூர் வீட்டில் மாலை விளக்கு பெண்ணின் கையில் இருக்கிறது, குலதெய்வப் பூசையில் ஆண் முன்னே நின்றாலும் எந்த நாளில் எதைப் படைப்பது என்பது அவளுக்கே தெரியும்.

இந்த வேறுபாடே மறுமலர்ச்சியாளர்களின் உண்மையான இடர்ப்பாட்டைக் காட்டித்தருகிறது. நூல்களில் பாடல்கள் உள்ளன, எந்தத் தெய்வத்துக்கு எந்தத் தூபம் என்ற பட்டியல்கூட ஓர்பிக் பாடல்கள் எனப்படும் பழைய கிரேக்கத் துதிகளின் தலைப்புகளில் உள்ளது. ஆனால் அவற்றை எழுதியவர்கள் வீட்டில் எல்லோர்க்கும் தெரிந்ததை எழுதவில்லை. படையலை யார் முதலில் உண்பது, தீட்டு வந்தால் எத்தனை நாள், பழைய சாடியின் நீரை எங்கே ஊற்றுவது போன்றவை வாய்மொழியாகவே சென்று அவ்வாய்களோடு மறைந்தன. ஏட்டைப் பார்த்துத் தொடங்கிய முதல் தலைமுறை, தன் பிள்ளைகளுக்கு ஏடில்லாமல் கற்றுத்தர இயலுமா என்பதே அச்சமயத்தின் முன் நிற்கும் சோதனை.

அச்சோதனை பாகூருக்கும் தூரமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் மூன்று ஊர்களைக் கொடையளித்துப் போற்றிய கல்விச்சாலையின் ஊர், இன்றும் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் ஊர் அது. எனினும் அறுவடை இயந்திரத்திலிருந்து நெல் நேரே மூட்டையாகி விற்பனைக்குப் போய்விடுவதால் பல வீடுகளில் குதிர் இல்லை. குதிர் இல்லாத வீட்டில் புதுநெல்லை முதலில் படைப்பதற்கு இடமும் இல்லை. முற்றம் மூடப்பட்டுக் கூடமாகிறது. விளக்கு மாடம் இடிந்து, தச்சர் செய்த பூசை அலமாரிக்குள் எல்லாத் தெய்வங்களும் ஒன்றாக இடம்பெயர்கின்றன. வீட்டின் உறுப்புகளோடு பிணைந்திருந்த தெய்வங்கள், அவ்வுறுப்புகள் போனபின் படங்களாக எஞ்சுகின்றன. தியோடோசியஸுக்குச் சட்டமும் தண்டனையும் தேவைப்பட்ட வேலையை வீட்டு வரைபடம் ஒன்றே சத்தமில்லாமல் செய்துவிடும். சமையலறை அலமாரியில் ஜாடியை வைத்துக் களஞ்சியத்துத் தெய்வத்துக்குப் புது இடம் கண்ட ஏதென்ஸ்காரர்கள், பழைய வீடு போனபிறகும் கடமையைத் தொடர வழி உண்டு என்பதையாவது மெய்ப்பித்திருக்கிறார்கள். வீட்டுத் தெய்வம் நிலைப்பதற்கு வேண்டியது ஓர் இடம், ஒரு நாள், அந்த நாளில் அந்த இடத்துக்கு வந்து நிற்கப் பிள்ளையைக் கூப்பிடும் ஒருவர். இம்மூன்றில் கடைசியானதை எந்தக் கையேட்டாலும் தர முடியாது.

(அடுத்த இதழில்: முசிறிக்கு அருகே உரோம வரைபடம் காட்டும் அகஸ்டஸ் கோயில்)